சபை உபவாசம்

சபை உபவாசம் என்பது ஒரு கிறித்தவ சபையின் மக்கள், முன்னரே அறிவிக்கப்பட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு காரணத்துக்காக உணவைத் தவிர்த்து ஒன்றுகூடி மன்றாடும் வழக்கமாகும். தமிழ்ச் சீர்திருத்த சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் இது உபவாச ஜெபம், உபவாசக் கூட்டம் எனப்படுகிறது. கத்தோலிக்கர் நோன்பு என்பர். ஒருவேளை மட்டும் முழு உணவு உண்பதை ஒருசந்தி என்றும் இறைச்சி தவிர்ப்பதைச் சுத்தபோசனம் என்றும் சொல்வது அவர்களிடையே பழைய வழக்கு.

விவிலியப் பின்னணி

உபவாசம் மனிதர் கண்ணில் படக்கூடாது என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் கற்பிக்கிறார் (மத்தேயு 6). ஊர் அறியக் கூடி இருக்கும் உபவாசம் இதற்கு முரணானதா என்ற கேள்வி இயல்பாக எழும். ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது புகழுக்காக முகத்தை வாட்டிக்கொள்வதே; கூடி இருப்பது அன்று. மோவாபியரும் அம்மோனியரும் படையெடுத்து வந்தபோது யோசபாத் அரசன் யூதா முழுவதற்கும் உபவாசம் கூறினான் (2 நாளாகமம் 20). யோவேல் தீர்க்கதரிசி முதியோர், பிள்ளைகள், மணமக்கள் என அனைவரையும் அழைக்கிறார். அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்தே பர்னபாவையும் சவுலையும் ஊழியத்துக்கு அனுப்பியது (அப்போஸ்தலர் 13).

வரலாறு

தொடக்ககாலத் திருச்சபை நூலான டிடாக்கே, புதன், வெள்ளி ஆகிய இரு நாள்களை உபவாச நாள்களாகக் குறிப்பிடுகிறது. சிரிய மரபுத் திருச்சபைகள் நினிவே மக்களின் மனந்திரும்புதலை நினைத்து, தவக்காலத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்னதாக மூன்று நாள் நோன்பிருக்கின்றன. கேரளத்தில் இதற்கு மூன்று நோம்பு என்று பெயர். இங்கிலாந்தில் பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சம் நிலவிய காலத்தில், 1756 பிப்ரவரி 6 அரசாணைப்படி பொது உபவாச நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஜான் வெஸ்லி தமது நாட்குறிப்பில் இதைப் பதிவு செய்துள்ளார்.

ஏற்பாடு

முதலில் முடிவு செய்ய வேண்டியது காரணம். மழையின்மை, சபையில் பிளவு, புதிய ஆலயப் பணி, நோயுற்ற ஒருவர் என எதுவாயினும் அது ஒன்றாக இருப்பது நல்லது. பத்துப் பன்னிரண்டு விண்ணப்பங்களை அடுக்கினால் கூட்டம் வழக்கமான ஜெபக்கூட்டமாக மாறிவிடும்.

அடுத்தது நாள். பல சபைகளில் வெள்ளி அல்லது சனிக்கிழமை, காலை பத்து மணி அளவில் தொடங்கிப் பிற்பகல் வரை நடத்துவர். இதில் ஒரு சிக்கல் உண்டு. வேலை நாளின் பகல் நேரத்தில் வைத்தால், தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஒருநாள் வருமானத்தை இழந்தே வர முடியும். ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் மட்டுமே இருக்கும் கூட்டத்தைச் சபையின் உபவாசம் என்று சொல்வது கடினம். உபவாச நாளிலும் வேலையாள்களை வருத்தியவர்களை ஏசாயா 58ஆம் அதிகாரம் கடிந்துகொள்வதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். இதனால் சில சபைகள் அவரவர் பணியிடத்தில் மதிய உணவை விட்டு, மாலையில் ஆலயத்தில் கூடும் முறையைக் கையாளுகின்றன.

குறைந்தது இரண்டு ஞாயிறு ஆராதனைகளில் அறிவிப்புச் செய்யப்படும். கூட்டத்தில் பாடல், வேதவாசிப்பு, பாவ அறிக்கை, சிறு குழுக்களாக ஜெபம், இடையிடையே மௌனம் ஆகியவை மாறி மாறி அமையும். நீண்ட பிரசங்கம் தேவையில்லை. பசித்த வயிறு அதைத் தாங்காது.

உடல்நலம்

ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இன்சுலின் அல்லது சிலவகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர் உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைப் பக்தியின் உருக்கம் என்று கருதிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். நினைவுள்ளவருக்கு உடனே சர்க்கரை கலந்த நீர் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர், முதியோர் ஆகியோர் உணவு உண்டே ஜெபத்தில் பங்கேற்கலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் நோன்புக் கடமையை 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரைதான் விதிக்கிறது. விலக்கு உண்டு என்பதை மேடையிலேயே அறிவிப்பது அவசியம். இல்லாவிட்டால், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசி, நோயாளிகள் சொல்லாமலே பட்டினி இருப்பார்கள். தண்ணீரை யாருக்கும் தடுக்கக்கூடாது.

முடித்தல்

உபவாசம் முடிந்ததும் எளிய உணவு பகிரப்படும். தென் மாவட்டச் சபைகள் பலவற்றில் பெரிய வெள்ளியன்று மும்மணி நேர ஆராதனைக்குப் பின் கஞ்சி ஊற்றுவது வழக்கம். வீட்டில் மிச்சமான அந்த வேளைச் சோற்றுக்குரிய அரிசியையோ பணத்தையோ காணிக்கையாகச் சேர்த்து, ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சபைகளும் உள்ளன.