பெயருக்குப் பின்னால் எந்த முகவரி?
பல சர்வர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் கிளஸ்டரில், ஒன்றையொன்று பெரும்பாலும் பெயரை வைத்தே தேடுகின்றன. அந்தப் பெயருக்கு எல்லா சர்வர்களிலும் ஒரே ஐ.பி. முகவரி கிடைக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டெபியன், உபுண்டு லினக்ஸை நிறுவும்போது, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று பட்டியலிடும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் சொந்தப் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று விழுவது வழக்கம். தனிக் கணினிக்கு அதனால் தொல்லை இல்லை. பெருந்தரவைப் பல சர்வர்களில் பகிர்ந்து கையாளும் ஹடூப் மென்பொருளின் கிளஸ்டரிலோ, தலைமை சர்வர் அந்த முகவரியிலேயே இணைப்புக்காகக் காத்திருக்கும். 127-இல் தொடங்கும் முகவரி கணினியை விட்டு வெளியே போகாது. ஆகவே மற்ற சர்வர்களுக்கு ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்ற பதில்தான் வரும். கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பயனில்லை. அந்த வரியில் உண்மையான முகவரியை எழுத வேண்டும்.

பெயர் எதற்கு, முகவரியையே எங்கும் எழுதிவிடலாமே என்பார்கள். முகவரி மாறும் நாளில் எத்தனை கோப்புகளைத் திருத்துவது? பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டி.என்.எஸ். சேவை படுத்தால் கிளஸ்டரும் படுத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். நாலைந்து சர்வர்களுக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும், எல்லாவற்றிலும் ஒரே பிரதி இருக்கும்வரை. எண்ணிக்கை பெருகினால் அது தாங்காது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அப்படியொரு பட்டியலை வைத்துத் திணறிய பிறகுதான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்ஸை வடிவமைத்தார். எண்ணிக்கை பெருகிய நிலையில் டி.என்.எஸ். சர்வர் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு வேண்டும்.