காரிலிருந்து ‘கெட் டவுன்’

அமெரிக்கர்கள் காரைவிட்டு இறங்குவதை ‘கெட் அவுட் ஆஃப் தி கார்’ என்பார்கள். ஆனால் ஃபுளோரிடாவின் மயாமி நகரில் பலர் ‘கெட் டவுன் ஃபிரம் தி கார்’ என்கிறார்கள். அங்கேயே பிறந்து, ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர்களும் இதில் உண்டு.

1959 கியூபப் புரட்சிக்குப் பின் மயாமியில் லட்சக்கணக்கான கியூபர்கள் குடியேறினார்கள். அவர்களின் ஸ்பானிஷில் ‘பஹார் தெல் கார்ரோ’ என்பதுதான் வழக்கம். ‘பஹார்’ என்றால் இறங்குதல். ஆங்கிலம் காரை உள்ளே, வெளியே என்று பார்க்கிறது. ஸ்பானிஷ் மேலே, கீழே என்று பார்க்கிறது. தமிழும் இதில் ஸ்பானிஷ் கட்சிதான். அதனால்தான் நாமும் பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆகிறோம். மயாமிக்கும் மதுரைக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாமலே இரண்டு ஊரிலும் ஒரே ஆங்கிலம்!

நம் கட்டுமரம் ‘கேடமரான்’ ஆகி ஆங்கிலத்தில் ஏறியதைப் போல, சொல்லே ஊர் மாறினால் அது கடன்சொல், பார்த்ததும் பிடிபட்டுவிடும். மயாமியில் நடந்தது வேறு. சொற்கள் எல்லாம் உள்ளூர், கோத்த விதம் மட்டும் வெளியூர். மொழியியலில் இதற்கு ‘கால்க்’ என்று பெயர். ஆங்கிலேயர்கள் கூசாமல் சொல்லும் ‘ஃப்ளீ மார்க்கெட்’டும் பாரிஸ்காரர்களின் ‘மார்ஷே ஓ ப்யூஸ்’ என்பதன் நேர்ப் பெயர்ப்புதான்.

மொழியியலாளர்கள் ஃபிலிப் கார்ட்டரும் கிறிஸ்டன் டி’அலெசாண்ட்ரோ மெரியும் மயாமியின் இந்த ஆங்கிலத்தை ஆராய்ந்து 2022இல் எழுதினார்கள். சுவையான விஷயம், எல்லாத் தொடர்களும் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை என்பது. கியூபாவிலிருந்து வந்தவர்கள், ‘தீரார் உனா ஃபோத்தோ’ என்ற வழக்கைப் பின்பற்றி, படம் எடுப்பதை ‘த்ரோ எ ஃபோட்டோ’ என்றார்கள். பிள்ளைகள் அதைத் தொடவில்லை. ‘கெட் டவுன்’ நிலைத்துவிட்டது. எனக்குத் தோன்றும் காரணம் எளியது. ஆங்கிலத்தில் ஏணியிலிருந்தும் குதிரையிலிருந்தும் ஏற்கெனவே ‘கெட் டவுன்’ ஆகலாம். கார் மட்டும்தான் புதிது. படத்தை வீசுவதற்கோ அங்கே இடமில்லை.

ஆய்வாளர்கள் இதே தொடர்களை மற்ற ஊர்க்காரர்களிடம் காட்டியபோது, மயாமிக்காரர்களைவிட அவர்களுக்கே அவை அதிகம் உறுத்தின.

கால்க்கில் இன்னொரு வகை, காதிலும் உறுத்தாது. ஸ்பானிஷில் ‘கார்னே’ பொதுவாக இறைச்சி, ஆனால் புழக்கத்தில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. நம் வீடுகளில் ‘கறி’ என்றால் ஆட்டுக்கறி ஆவதைப் போல. மயாமியின் ‘மீட்’டும் அப்படியே சுருங்கிவிட்டது. அங்கே ‘மீட்’ வைத்த எம்பனாடா பலகாரம் கேட்டால் மாட்டிறைச்சிதான் வரும். கோழி வேண்டுமானால் தனியே சொல்ல வேண்டும்.