தூக்கி நிறுத்தும் டிராமிசு

இத்தாலிய உணவு பரிமாறும் ஓட்டல்களின் பட்டியலில், கடைசிப் பக்கத்தில் தவறாமல் இடம்பெறும் இனிப்பு டிராமிசு. காபியில் நனைத்த பிஸ்கட் ஓர் அடுக்கு, அதன்மேல் வெண்ணெய் போல் மிருதுவான க்ரீம் ஓர் அடுக்கு, மறுபடி பிஸ்கட், மறுபடி க்ரீம், உச்சியில் கோகோ தூள். இவ்வளவுதான் விஷயம். ஓவன் வேண்டாம், பாகு பதம் பார்க்க வேண்டாம். ஃபில்டரும் டிகாக்ஷனுமாக வளர்ந்த நமக்கு இதைவிடத் தோதான வெளிநாட்டு இனிப்பு கிடையாது என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். கேட்ட சிநேகிதிகளுக்கெல்லாம் தனித்தனியாக எழுதிக் கொடுப்பதைவிட, சங்கத்துப் பத்திரிகையில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் பயன்படுமே என்றுதான் இந்தக் கட்டுரை.

பெயரும் பிறப்பும்

'டிரா மி சு' என்ற மூன்று இத்தாலியச் சொற்களுக்கு 'என்னைத் தூக்கி நிறுத்து' என்று பொருள். சோர்ந்து கிடப்பவரைத் தெம்பாக எழுப்பி உட்கார வைப்பது என்று கொள்ளலாம்.

பெயரைப் பார்த்துப் பழங்காலத்துப் பண்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இது நேற்றுப் பிறந்தது. வெனிஸ் நகருக்கு வடக்கே உள்ள டிரெவிசோ என்ற ஊரில் 'லெ பெக்கெரியே' என்ற உணவகத்தை காம்பேயோல் குடும்பத்தார் நடத்தி வந்தார்கள். அங்கே 1970களின் தொடக்கத்தில்தான் இது பரிமாறப்பட்டது. உரிமையாளர் அடோ காம்பேயோல், அவர் மனைவி ஆல்பா, சமையற்காரர் ரொபெர்த்தோ லிங்குவானொத்தோ ஆகிய மூவரின் பெயர்களும் இதோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அடோ காம்பேயோல் 2021-ல் தமது 93-வது வயதில் காலமானார்.

பக்கத்து மாகாணமான ஃப்ரியூலிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. 'எங்கள் ஊரில் 1950களிலேயே செய்தோம்' என்பது அவர்கள் வாதம். 2017-ல் இத்தாலிய அரசின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் டிராமிசு ஃப்ரியூலியின் பெயரில் சேர்க்கப்பட்டபோது டிரெவிசோவில் பெரிய கூச்சலே எழுந்தது. திருநெல்வேலி அல்வாவை வேறு ஊர்க்காரர் சொந்தம் கொண்டாடினால் நாம் சும்மா இருப்போமா?

ஆல்பா குடும்பத்தில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பிரசவித்துப் படுத்திருந்த ஆல்பாவுக்கு, உடம்பு தேறுவதற்காக மாமியார் முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, காபி கலந்து கொடுத்தாராம். அதிலிருந்துதான் இந்த இனிப்புக்கு யோசனை பிறந்தது என்கிறார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மஞ்சள் கருவும் சர்க்கரையும் அடித்துக் கொடுப்பது பழைய வழக்கம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்டிக் கொடுப்பதைப் போல.

பச்சை முட்டை

இங்கேதான் ஒரு சிக்கல். பழைய முறைப்படி மஞ்சள் கருவைப் பச்சையாகவே அடித்துச் சேர்ப்பார்கள். முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. திடகாத்திரமானவர்கள் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு தப்பிக்கலாம். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் ஆகியோருக்கு இது ஆபத்தாக முடியலாம். இந்தப் பண்டம் யாருக்காகத் தோன்றியதோ, அவர்களையே படுக்கையில் தள்ளிவிடக் கூடாதல்லவா? எங்கள் வீட்டில் எண்பது வயது மாமியாரும் மூன்று வயதுப் பேரனும் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஆகவே பச்சை முட்டை எங்கள் அடுக்களையில் கிடையாது. மஞ்சள் கருவைக் கொதிநீர் ஆவியில் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிட்டால் கிருமி மடிந்துவிடும், ருசியும் கெடாது. க்ரீம் முன்னிலும் கெட்டியாகவே நிற்கும்.

மாஸ்கர்போனே

க்ரீமுக்கு உயிர் கொடுப்பது மாஸ்கர்போனே. மிலானுக்குத் தெற்கே லோடி வட்டாரத்தில் தோன்றியது. சீஸ் என்று பெயரே தவிர, புளிப்போ உப்போ கிடையாது. தில்லியின் பெரிய கடைகளில் டப்பாவில் கிடைக்கிறது, விலைதான் அதிகம். பனீர் செய்யத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துவிடலாம்.

35 சதவீதம் கொழுப்புள்ள பால் க்ரீம் 500 மி.லி. எடுத்து, கொதிக்கும் நீரின் மேல் வைத்த பாத்திரத்தில் 85 டிகிரி வரை சூடாக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, அதே சூட்டில் ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். பனீர் போல் திரிந்து தண்ணீர் பிரியாது. கரண்டியில் ஒட்டும் அளவுக்குக் கெட்டிப்படும், அவ்வளவுதான். ஆறியபின் நாலாக மடித்த மெல்லிய துணியில் ஊற்றி, வடிகட்டியில் வைத்து, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வடியவிடுங்கள். சுமார் 350 கிராம் தேறும். தில்லி வெயிலில் துணியைக் குழாயில் கட்டித் தொங்கவிடும் வேலை வேண்டாம்.

25 சதவீத க்ரீம்தான் கிடைக்கிறது என்றால் 750 மி.லி. எடுத்துக்கொண்டு, கூடுதல் நேரம் வடியவிடுங்கள். கேக் அலங்காரத்துக்கு விற்கும் தாவர எண்ணெய் க்ரீம் இதற்கு உதவாது. அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பிஸ்கட்டும் காபியும்

விரல் நீளத்தில் காற்றாடும் லேசான பிஸ்கட்டுக்குச் சவோயார்டி என்று பெயர். ஆங்கிலத்தில் லேடி ஃபிங்கர் என்பார்கள். ஆனால் நம் ஊர்க் கடையில் அப்படிக் கேட்டால் வெண்டைக்காய்தான் வரும். கிடைக்காவிட்டால் சாதாரண ஸ்பாஞ்ச் கேக்கை விரல் கனத்துக்கு நறுக்கி, தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் ஈரம் போக வாட்டிக்கொள்ளலாம்.

இத்தாலியர்கள் எஸ்பிரெஸ்ஸோ காபியில் நனைப்பார்கள். நம் ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்ஷன் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. சிக்கரி கலக்காத பொடி உத்தமம். டிகாக்ஷன் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் பிஸ்கட் கூழாகும், க்ரீமும் இளகிவிடும்.

தேவையான பொருட்கள் (8 பேருக்கு)

டிரெவிசோவின் மூல முறையில் 12 மஞ்சள் கரு, 500 கிராம் சர்க்கரை, 1 கிலோ மாஸ்கர்போனே, 60 சவோயார்டி. நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். சர்க்கரையை மட்டும் இன்னும் குறைத்திருக்கிறேன்.

மஞ்சள் கரு - 4
சர்க்கரை - 100 கிராம்
மாஸ்கர்போனே - 330 கிராம்
சவோயார்டி - 20
கெட்டி டிகாக்ஷன் - 250 மி.லி.
சர்க்கரை சேர்க்காத கோகோ தூள் - 2 மேசைக்கரண்டி

பலர் இதில் ரம்மோ, மர்சாலா என்ற ஒயினோ சேர்ப்பார்கள். மூல முறையில் மது கிடையாது. ஆகவே தைரியமாக விட்டுவிடலாம்.

செய்முறை

1. ஒரு பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் வைத்து, லேசாகக் கொதிக்கும்போது தீயைக் குறையுங்கள். மஞ்சள் கருவும் சர்க்கரையும் உள்ள கிண்ணத்தை, அடி தண்ணீரில் படாமல் அதன்மேல் வையுங்கள்.

2. கை நிறுத்தாமல் அடியுங்கள். நிறுத்தினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். ஆறேழு நிமிடத்தில் நிறம் வெளுத்துக் கெட்டியாகும். தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி வந்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கரண்டியின் பின்புறம் படிந்த கலவையில் விரலால் கோடு போடுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. இறக்கி, முழுவதும் ஆறும்வரை அடியுங்கள்.

3. மாஸ்கர்போனேயைத் தனியாகக் கரண்டியால் குழைத்து, ஆறிய முட்டைக் கலவையில் இரண்டு மூன்று தடவையாக மெதுவாகக் கலந்துகொள்ளுங்கள். மிக்ஸியில் போட்டால் வெண்ணெய் பிரிந்துவிடும்.

4. டிகாக்ஷனைத் தட்டையான தட்டில் ஊற்றுங்கள். பிஸ்கட்டை ஒரு பக்கம் வைத்து 'ஒன்று' என்று எண்ணி, மறுபக்கம் திருப்பி, உடனே எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி காய்ந்திருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இரவெல்லாம் க்ரீமின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு தானே மெதுவாகும்.

5. கண்ணாடிப் பாத்திரத்தில் 10 பிஸ்கட்டைப் பரப்பி, பாதி க்ரீமைத் தடவுங்கள். மீதியையும் அவ்வாறே அடுக்குங்கள். மூடி ஃப்ரிட்ஜில் குறைந்தது ஆறு மணி நேரம் வையுங்கள். ஓர் இரவு வைத்தால் இன்னும் விசேஷம்.

6. கோகோவை டீ வடிகட்டியால் பரிமாறும் சமயத்தில்தான் தூவ வேண்டும். முன்பே தூவினால் ஈரத்தில் கறுத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

மஞ்சள் கருவுக்குப் பதிலாக 200 மி.லி. குளிர்ந்த பால் க்ரீமை (35 சதவீதம்) 80 கிராம் பொடித்த சர்க்கரையுடன் நுரைக்க அடித்து மாஸ்கர்போனேயில் கலந்துகொள்ளலாம். நிறம் சற்று வெளிறியிருக்கும், அவ்வளவுதான். சவோயார்டியிலும் முட்டை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முட்டையில்லாத ரஸ்க்கை உபயோகியுங்கள். ஏலக்காயோ சோம்போ போட்டதாக இருக்கக் கூடாது. ரஸ்க் கெட்டியானது, ஆகவே இரண்டு விநாடி கூடுதலாக நனையலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. இது ஃப்ரிட்ஜிலேயே இருக்க வேண்டிய பண்டம். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சங்க விழாவுக்கு எடுத்து வந்து, நாடகம் முடியும்வரை ஹாலில் வைத்திருப்பது சரியல்ல. வேண்டியவர்களை வீட்டுக்கு அழைத்து, சாப்பாடு முடிந்த கையோடு ஜில்லென்று பரிமாறுங்கள். பெரியவரும் குழந்தையும் பயமில்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால், அந்தப் பெயருக்கு நியாயம் செய்தவர்களாவோம்.