சைக்கிளுக்குத் தடை போட்டார்கள்... இவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள்!

மழை கொட்டுகிறது. மலைக்குப் போனவர்கள் எல்லாம் வீடு திரும்பும் நேரம். அப்போதுதான் சிலர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புவார்கள். சைக்கிள் ஓட்டவா? இல்லை. ஈரப் பாதையில் சக்கரம் படுவதே இவர்களுக்குப் பிடிக்காது. தாங்கள் போட்ட பாதையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்க்கப் போகிறார்கள். வெயில் நாளில் போனால் அது தெரியாதே!

மலைச் சைக்கிள் ஓட்டுவதற்கான ஒற்றையடிப் பாதைகளை அமைத்துப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் இவர்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. சம்பளம் கிடையாது. விடுமுறை நாளில் வந்து, முதுகு வலிக்க மண்ணை வெட்டிவிட்டுப் போவார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது.

கிரீஸ் புகைந்த மலை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் மரின் கவுன்டி. அங்கே 2,571 அடி உயரத்தில் நிற்கிறது டமல்பையஸ் மலை. 1970-களில் அந்த வட்டார இளைஞர்கள் 1930-கள், 40-களின் தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மேலே கொண்டுபோய், மண்பாதையில் பாய்ந்து இறங்குவார்கள். 1976 அக்டோபர் 21-ல் ஃபேர்ஃபேக்ஸ் ஊர் அருகே இதைப் பந்தயமாகவே நடத்தினார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்குகள் அவை. கீழே வருவதற்குள் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸை அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்குப் பெயர் 'ரீபேக்'. பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது! அதில் ஓட்டிய ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள்தான் பின்னாளில் மலைச் சைக்கிளை உலகம் முழுக்கப் பரப்பினார்கள்.

கூட்டம் கூடியதும் வம்பும் வந்தது. காலாற நடந்துபோகும் பெரியவர் முன்னால், வளைவில் திடீரென ஒரு சைக்கிள் பாய்ந்து வந்தால் எப்படி இருக்கும்? குதிரையில் வருபவர் நிலைமை இன்னும் மோசம். நடப்பவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. குறுகிய பாதைகளில் சைக்கிளுக்குத் தடை வந்தது. அகலமான மண்சாலைகளில் மணிக்கு 15 மைல்தான் வேகம் என்று விதித்து, ரேடார் கருவியோடு காவலர்களை நிறுத்தினார்கள். 1984-ல் அமெரிக்க வனத்துறை, 'வனாந்தரம்' என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட காடுகளில் சைக்கிளே கூடாது என்றது.

1988-ல் கலிஃபோர்னியாவின் ஐந்து சைக்கிள் சங்கங்கள் கைகோத்து, 'இம்பா' என்ற சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. வெறுமனே உரிமை கேட்டு நின்றிருந்தால் யாரும் காதுகொடுத்திருக்க மாட்டார்கள். 'பாதையை நாங்களே சீர்செய்து தருகிறோம்' என்று மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். 1997 முதல் இருவர் இருவராகப் பயிற்சியாளர்கள் காரில் ஊர் ஊராகச் சுற்றி, பாதை போடும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

எதிரி சக்கரம் அல்ல

அந்த வித்தையின் முதல் பாடம்: பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். 1994-ல் வெளியான மொன்டானா ஆய்வு ஒன்றில், ஈரப் பாதையில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான் அதிக மண்ணைக் கிளப்பின. சைக்கிள்காரர்கள் இதைச் சந்தோஷமாக எடுத்துச் சொல்வார்கள். பிரேக்கை இறுக்கிச் சறுக்கிக்கொண்டே இறங்குபவர்களைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்! எப்படியானாலும், தப்பாகப் போட்ட பாதை யார் கால் பட்டாலும் பாழாகும்.

சரி, தப்பு எது? மேலிருந்து கீழே நேராக இறங்கும் பாதைதான். முதல் மழையிலேயே அது ஓடையாகிவிடும். அதனால் மலையின் இடுப்பைச் சுற்றிப் படிப்படியாக ஏறும்படி வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். பாதையின் சாய்வு, அந்த மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சராசரியாக 100 அடி தூரத்துக்கு 10 அடிக்குள்தான் ஏற்றம் இருக்க வேண்டும். சரிவைக் குடைந்து திண்ணை மாதிரி வெட்டி, அந்தத் திண்ணையைப் பள்ளத்தாக்குப் பக்கம் லேசாகச் சாய்த்துவிடுவார்கள். தண்ணீர் பாதையின் வழியே ஓடாமல், குறுக்கே கடந்து போய்விடும். ஆங்காங்கே சின்ன மேடும் பள்ளமும் வைத்தால், மிச்சத் தண்ணீரும் அங்கே வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கோ அது ஊஞ்சல் ஆடுவது போல இருக்கும்!

இதற்கென்றே இரண்டு கருவிகள். புலாஸ்கியில் ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி. மெக்லியோடில் ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் தடித்த பற்கள் கொண்ட வாரி. இரண்டுமே காட்டுத்தீயோடு போராடியவர்களின் கருவிகள். புலாஸ்கிக்குப் பெயர் கொடுத்த எட் புலாஸ்கி, 1910-ல் ஐடஹோ மாநிலத்தில் மூண்ட பெருந்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துப்போய், அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வனக்காவலர்.

சாரணர் முகாமில் கிடைத்த இடம்

இன்றும் டமல்பையஸ் மலையின் பல ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆனால் ரீபேக் பந்தயம் நடந்த அதே ஃபேர்ஃபேக்ஸ் பக்கத்தில் டமரான்சோ என்ற சாரணர் முகாம் இருக்கிறது. தனியார் நிலம். அங்கே தன்னார்வலர்கள் காட்டுக்குள் வளைந்து செல்லும் பாதைகளை வெட்டிக் கொடுத்தார்கள், பராமரிக்கிறார்கள். ஓட்ட விரும்புபவர் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

வேலை ஒருமுறையோடு முடிவதில்லை. சக்கரங்கள் ஓட ஓடப் பாதையின் நடுப்பகுதி அமுங்கும். மண் வெளி ஓரத்தில் ஒதுங்கி, வரப்பு போலக் கட்டிக்கொள்ளும். வெளியேற வேண்டிய தண்ணீரை அந்த வரப்பு தடுத்துவிடும். நம் ஊரில் தண்ணீரைத் தேக்க வரப்பு கட்டுவோம். இவர்கள் அதே வரப்பை உடைத்துத் தண்ணீரை வெளியே அனுப்புகிறார்கள்!

மண்ணை வெட்டாதவருக்குச் சவாரி இல்லை என்பது இந்த உலகில் பழைய பேச்சு. ஓட்டுபவர்களோடு ஒப்பிட்டால் வெட்ட வருபவர்கள் குறைவு என்பதுதான் எல்லாக் குழுக்களின் புலம்பலும். கலிஃபோர்னியாவில் கோடை முழுக்க மழை கிடையாது, குளிர்காலத்தில்தான் பெய்யும். இலையுதிர் காலத்தின் முதல் தூறல் விழுந்து மண் கொஞ்சம் இளகியதும் கூப்பிடுவார்கள். பெருமழைக்கு முன்னால் அந்த ஓரத்தைச் செதுக்கியாக வேண்டும்.