ஆவியை எடைபோடும் அலை

சாரின் போன்ற நரம்பு நச்சுகளுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கும் கண்ணும் கைவிடும் இந்த இடத்தில் காவல் நிற்கும் கருவிகளுள் ஒன்று, பாலிமர் பூசிய பரப்பு ஒலியலை உணரி. காற்றிலுள்ள ஆவியைத் தன் மேல் படியவைத்து, அந்த நுண்ணிய எடையை அதிர்வெண் மாற்றமாகக் காட்டுவதே இதன் வேலை.

திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டி ஒரு வகை அலை பரவும் என்று 1885-இல் ராலே பிரபு கணித்தார். அந்த அலையை மின்சாரத்தால் எழுப்பும் எளிய வழியை 1965-இல் வைட்டும் வோல்ட்மரும் காட்டினர். குவார்ட்ஸ் சில்லின் மீது மெல்லிய உலோகக் கோடுகள், இரு கை விரல்களைக் கோத்ததுபோல் பதிக்கப்படுகின்றன. மாறுமின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் சுருங்கி விரிந்து, நொடிக்குச் சுமார் 3,100 மீட்டர் வேகத்தில் அலை கிளம்புகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் உணரியில் ஒவ்வொரு கோட்டின் அகலமும் சுமார் 8 மைக்ரோமீட்டர்தான்.

அலையின் ஆற்றல் மேற்பரப்பிலேயே தங்கியிருப்பதால், அங்கே எடை கூடினால் அலையின் வேகம் குறைகிறது. சில்லின் மேல் பூசிய பாலிமர் படலம் ஆவியை உறிஞ்சும்போது எடை கூடுகிறது. படலம் இளகவும் செய்கிறது. இவற்றால் அதிர்வெண் மாறுகிறது. நொடிக்குப் பத்துக் கோடி முறை அதிரும் அலையில் சில பத்து அதிர்வுகள் குறைந்தாலும் மின்சுற்று அதை எண்ணிவிடும். இந்த முறையில் ஆவியை உணரலாம் என்று 1979-இல் வோல்ட்ஜென், டெஸ்ஸி ஆகியோர் நிறுவினர்.

எந்த ஆவியைப் பிடிப்பது என்பதைத் தீர்மானிப்பது பாலிமர். சாரினில் பாஸ்பரசுடன் பிணைந்த ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்பை நாடுவது. ஃபுளோரின் சூழ்ந்த ஆல்கஹால் தொகுதிகள் கொண்ட பாலிமர் அந்தப் பிணைப்பை வலுவாகத் தருகிறது. பெட்ரோல் ஆவி போன்ற ஹைட்ரோகார்பன்களுக்குப் பாலிஐசோபியூட்டிலீன் ஏற்றது. ரப்பர்போல் நெகிழ்வான பாலிமர்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஆவி உள்ளே விரைந்து புகுந்து, காற்று தெளிந்ததும் வெளியேற அவைதான் இடம்கொடுக்கின்றன. அதனால் ஒரே உணரியை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

ஆனால், எந்தப் பாலிமரும் ஒரே ஒரு ஆவியை மட்டும் ஏற்பதில்லை. காற்றின் ஈரமும் வெப்பநிலையும்கூட அதிர்வெண்ணை மாற்றும். எனவே, வெவ்வேறு பாலிமர் பூசிய பல உணரிகளை வரிசையாக வைத்து, அவை ஒருசேரத் தரும் வடிவத்தைக் கணினி ஆராய்கிறது. பூச்சு காற்றுப்படாமல் மூடிய ஒப்பீட்டு உணரி, வெப்பநிலையால் வரும் பிழையைக் கழிக்க உதவுகிறது. ஆவி மிகச் சிறிதாக இருந்தால், உறிஞ்சு குழாயில் சேர்த்து, சூடாக்கி, ஒரே வீச்சில் உணரிக்கு அனுப்புகிறார்கள். இவை அனைத்தும் கையடக்கக் கருவிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி போய் முடிவு வரும்வரை காத்திருக்காமல், நச்சு பரவும் இடத்திலேயே எச்சரிக்கை கிடைப்பது உயிர்காக்கும் பயன்.