ரூட்டு தலயும் ரீல்ஸும்

கைபேசிக்குள் வளரும் பிள்ளைகள் – 9

நந்தனம் அரசு கலைக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேரும் பையனிடம் சீனியர்கள் ஊரையோ பேரையோ கேட்பதற்கு முன்பே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "எந்த ரூட்டுடா?" சென்னையின் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் பேருந்துத் தடம்தான் நட்பையும் பகையையும் தீர்மானிக்கிறது. தடத்துக்கு ஒரு தலைவன், 'ரூட்டு தல'. வருடத்துக்கொரு 'பஸ் டே'. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலை போட்டு நன்றி சொல்லத் தொடங்கிய விழா, கூரை ஆட்டமாகி, நீதிமன்றம் தடை விதிக்கும் அளவுக்குப் போனது.

இதை வெறும் ரவுடித்தனம் என்று ஒதுக்குவது எளிது. சாதி, தெரு, மதிப்பெண் எல்லாம் பிறர் ஒட்டிய அடையாளங்கள். தானே சம்பாதித்த முதல் அடையாளம் பல பையன்களுக்கு ரூட்டுதான். 1950களில் உளவியலாளர் எரிக் எரிக்சன், வளரிளம் பருவத்தை வாழ்க்கை தரும் ஓர் அவகாசம் என்றார். ஒரு வேடம் போட்டுப் பார்க்கலாம், பொருந்தாவிட்டால் கழற்றிவிடலாம். ரூட்டு தலயின் கெத்தும் ஒருகாலத்தில் மூன்றே வருடம்தான். பட்டம் வாங்கி வேலைக்குப் போனதும் ஊர் மறந்துவிடும்.

இன்ஸ்டாகிராம் அந்த மறதியைப் பறித்துவிட்டது. படிக்கட்டுத் தொங்கலை முன்பு பார்த்தது ஒரு பேருந்துக் கூட்டம். இப்போது எதிர்க் கல்லூரியும் பார்க்கிறது, பதில் ரீல்ஸ் போடுகிறது, கமெண்டில் தொடங்கும் வம்பு நிறுத்தத்தில் முடிகிறது. 2019 ஜூன் 17 அன்று சென்னையில் பேருந்துக் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்த காட்சி, நாடு முழுக்கச் சுற்றியது. இன்றும் தேடினால் கிடைக்கிறது.

இப்படி அழியாமல் நிற்கும் பதிவுகளைச் சட்டம் யோசிக்காமல் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றது. அதற்குச் சில மாதங்கள் முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கவுல், பிள்ளைகள் அறியாமல் செய்த பிழைக்கு ஆயுள் முழுக்க விலை கொடுக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பில் தனியாகவே எழுதினார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறார்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்க வகை செய்கிறது. ஆனால் அந்தக் காவல் 18 வயதோடு முடிகிறது. ரூட்டு வாழ்க்கை தொடங்குவதே அந்த வயதில்தான்.

கத்தியோடு ரீல்ஸ் போட்ட பையனைப் போலீஸ் பிடிக்கட்டும், வழக்கும் நடக்கட்டும். ஆனால் கைகூப்பி மன்னிப்புக் கேட்கவைத்து, அதையும் வீடியோவாக வெளியிடும் பழக்கம் தண்டனைக்கு மேல் தண்டனை. வழக்கில் சிக்கிய, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74, குற்றமாகவே கருதுகிறது. பத்தொன்பது வயதுக்காரனுக்கும் அந்தக் கருணையைக் காவல்துறை தானாக முன்வந்து காட்ட வேண்டும். அப்படி ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

(தொடரும்)