பல்வேர் ஊன்று

பல்வேர் ஊன்று என்பது வேர்க்குழாய் சிகிச்சை செய்யப்பட்ட பல்லின் வேருக்குள் பொருத்தப்படும் மெல்லிய தண்டு ஆகும். பல் மருத்துவர்களும் நோயாளிகளும் இதனைப் பொதுவாகப் போஸ்ட் என்றே அழைக்கின்றனர். பல்லின் மேற்பகுதி பெரிதும் சிதைந்துவிட்டால் அதன்மேல் செயற்கையாக ஓர் உள்ளகம் கட்டப்படும். அவ்வுள்ளகத்தைப் பிடித்து நிறுத்துவதே ஊன்றின் பணியாகும். உள்ளகத்தின்மேல், கேப் எனப்படும் பல்லுறை பொருத்தப்படுகிறது. ஊன்று பல்லை வலுப்படுத்துகிறது என்னும் கருத்து பரவலாக இருப்பினும் அது சரியன்று. ஊன்றுக்கு இடம் செய்வதற்காக வேர்க்குழாயில் உள்ள நிரப்பியின் ஒரு பகுதி அகற்றப்படுகிறது. எனவே வேர்முனையின் நலம், எஞ்சியிருக்கும் நிரப்பியின் நீளத்தையும் பல்லின் மேற்புற அடைப்பையும் பெரிதும் சார்ந்துள்ளது.

பல்லின் அமைப்பும் வேர்க்குழாய் சிகிச்சையும்

பல்லின் ஈறுக்கு மேல் தெரியும் பகுதி பல்முடி என்றும், தாடை எலும்பினுள் பதிந்துள்ள பகுதி வேர் என்றும் அழைக்கப்படும். பல்முடியின் வெளிப்புறம் பற்சிப்பியால் ஆனது. அதன் உட்புறம் டென்டின் என்னும் திசு உள்ளது. நடுவே நரம்புகளும் குருதிக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. பற்கூழ் நுண்ணிய குழாய் வழியாக வேரினுள் சென்று, வேர்முனையில் உள்ள சிறு துளை மூலம் சுற்றியுள்ள திசுக்களோடு தொடர்பு கொள்கிறது.

பற்சொத்தை பற்கூழை அடைந்து அதனைக் கெடுக்கும்போது, பேச்சு வழக்கில் ரூட் கெனால் எனப்படும் வேர்க்குழாய் சிகிச்சை செய்யப்படுகிறது. கெட்ட கூழ் அகற்றப்பட்டு, குழாய் செதுக்கிக் கழுவப்பட்டு, கட்டாபெர்ச்சா என்னும் பொருளாலும் ஒட்டுப்பசையாலும் நிரப்பப்படுகிறது. கட்டாபெர்ச்சா மலாய்த் தீவுக்கூட்டத்தில் வளரும் மரங்களின் பாலிலிருந்து பெறப்படுவதாகும். குழாயினுள் நுண்ணுயிரிகள் மீண்டும் நுழையாதவாறு அடைப்பதே இந்நிரப்பியின் நோக்கம்.

வேர்முனை நோய்

வேர்க்குழாயில் தங்கும் நுண்ணுயிரிகளும் அவற்றின் நச்சுப் பொருட்களும் வேர்முனைத் துளை வழியாகக் கசியும்போது, சுற்றியுள்ள எலும்பில் அழற்சி ஏற்பட்டு எலும்பு கரைகிறது. இது வேர்முனை அழற்சி எனப்படும். இந்நோய்க்கு நுண்ணுயிரிகளே காரணம் என்பதை 1965இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகியோர் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. சாதாரண எலிகளில் பற்கூழைத் திறந்துவிட்டபோது கூழ் இறந்து வேர்முனையில் நோய் தோன்றியது. நுண்ணுயிரிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் அவ்வாறு நிகழவில்லை.

இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வளரும். வேர்க்குழாய் சிகிச்சை செய்யப்பட்ட பல்லில் கூழும் நரம்பும் இல்லாததால், புதிதாகச் சொத்தை விழுந்தாலும் பல் கூசுவதில்லை. எனவே வலி இல்லை என்பதை மட்டும் கொண்டு வேர்முனை நலமாக உள்ளது என்று கூற இயலாது.

வரலாறு

சிதைந்த பல்லின் வேரில் தண்டினைப் பொருத்தும் முறை பழமையானது. பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், வேருக்குள் உலோகத் தண்டைப் பொருத்தி அதன்மேல் செயற்கைப் பல்லை நிறுத்தும் முறையை விளக்கியுள்ளார். 20ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு வேருக்கும் ஏற்ப வார்க்கப்பட்ட உலோக ஊன்றுகள் பெருவழக்காயின. 1990ஆம் ஆண்டளவில் பிரான்சில் கரிம இழை ஊன்றுகள் அறிமுகமாயின. கருநிறம் கொண்ட அவற்றின் இடத்தைப் பின்னர் கண்ணாடி இழை ஊன்றுகள் பிடித்துக்கொண்டன.

வகைகள்

வார்ப்பு உலோக ஊன்று: வேர்க்குழாயின் அச்சு எடுக்கப்பட்டு, ஊன்றும் உள்ளகமும் ஒரே துண்டாக வார்க்கப்படும்.

ஆயத்த உலோக ஊன்று: துருவேறா எஃகு அல்லது டைட்டானியத்தால் பல அளவுகளில் முன்னரே செய்யப்பட்டிருக்கும்.

இழை ஊன்று: கண்ணாடி இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யப்படுவது. பிசின் பசையால் வேருடன் ஒட்டப்படும்.

இவற்றின் விறைப்பு பெரிதும் வேறுபடுகிறது. டென்டினின் மீள்தன்மைக் குணகம் சுமார் 18 கிகாபாஸ்கல். டைட்டானியத்திற்கு அது சுமார் 110, துருவேறா எஃகிற்குச் சுமார் 200. கண்ணாடி இழை ஊன்று டென்டினுக்கு நெருங்கிய விறைப்புடையது. எனவே அளவுக்கு மீறிய விசை ஏற்படும்போது, இழை ஊன்று பெரும்பாலும் ஒட்டு விட்டுக் கழன்றுவிடும். அதனை மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. விறைப்பான உலோக ஊன்றோ வேரையே பிளந்துவிடக் கூடும். நெடுக்காகப் பிளந்த வேரைப் பெரும்பாலும் காப்பாற்ற இயலாது.

பல்லுக்கு வலிமை தருவது எது

ஊன்றைப் பொருத்துவதற்காக வேரின் உட்சுவர் குடையப்படும்போது பல் மெலிகிறது. பல்லுக்கு வலிமை தருவது எஞ்சியுள்ள இயற்கையான டென்டினே ஆகும். குறிப்பாக, ஈறுக்கு மேல் சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்திற்காவது நல்ல டென்டின் சுவர் இருக்க வேண்டும். அதனைப் பல்லுறையின் விளிம்பு வளைத்துப் பிடிக்கும். உலக்கையின் முனை பிளவாதிருக்க இடப்படும் பூணைப் போன்றது இப்பிடிப்பு. எஞ்சிய பல்முடியே உள்ளகத்தைத் தாங்கப் போதுமானதாக இருந்தால் ஊன்று தேவையில்லை. கடைவாய்ப் பற்கள் பலவற்றிற்கு இது பொருந்தும்.

எஞ்சிய நிரப்பியின் நீளம்

ஊன்று நீளமாக இருந்தால் பிடிப்பு மிகும். ஆனால் நிரப்பி குறையும். வேர்முனையில் 4 முதல் 5 மில்லிமீட்டர் நிரப்பியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பது பொது விதியாகும். ஊன்று பொருத்தப்பட்ட பற்களைக் குறித்துச் சுவீடனில் குவிஸ்ட் முதலானோர் செய்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், எஞ்சிய நிரப்பி 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்த வேர்களில் வேர்முனை நோய் கூடுதலாகக் காணப்பட்டது.

எடுத்துக்காட்டாக, 15 மில்லிமீட்டர் நீளமுள்ள வேரில் மூன்றில் இரு பங்கு, அதாவது 10 மில்லிமீட்டர் அளவுக்கு ஊன்றை இறக்கினால் கீழே 5 மில்லிமீட்டர் எஞ்சும். அதே விகிதத்தை 11 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டையான வேருக்குப் பயன்படுத்தினால் 4 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே எஞ்சும். நிரப்பி வழக்கமாக வேர்முனைக்குச் சற்று முன்னரே முடிவதால் உண்மையான அடைப்பு இன்னும் குறையும். இத்தகைய வேரில் ஊன்றின் நீளத்தைக் குறைப்பதே முறையாகும்.

ஊன்றின் நுனிக்கும் நிரப்பிக்கும் இடையே வெற்றிடம் இருத்தலும் ஆகாது. அவ்விடைவெளி நுண்ணுயிரிகள் பெருக இடமளிக்கும்.

மேற்புற அடைப்பு

வேர்க்குழாய் நிரப்பி உமிழ்நீரில் நனையும்படி விடப்பட்டால், நுண்ணுயிரிகள் சில வாரங்களில் அதனை ஊடுருவக் கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ரே, ட்ரோப் ஆகியோர் 1010 பற்களின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கட்டுரை, வேர்முனை நலத்திற்கு நிரப்பியின் தரத்தைக் காட்டிலும் மேற்புறக் கட்டமைப்பின் தரமே முதன்மையானது என்றது. 2000ஆம் ஆண்டில் டிரான்ஸ்டாட் முதலானோர் நிரப்பியின் தரமே முதன்மையானது என்ற முடிவுக்கு வந்தனர். பின்வந்த தொகுப்பாய்வுகள் இரண்டும் இன்றியமையாதவை என்று காட்டின.

ஊன்றைப் பொருத்தும் வேளையிலேயே உமிழ்நீர் குழாய்க்குள் புகக்கூடும். ஆகவே பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் திரை, வேர்க்குழாய் சிகிச்சையின்போது மட்டுமன்றி ஊன்று பொருத்தும்போதும் பரிந்துரைக்கப்படுகிறது.

கண்டறிதலும் மறுசிகிச்சையும்

ஊடுகதிர்ப் படத்தில் எலும்பு கரைந்த இடம் வேர்முனையைச் சுற்றிக் கரிய நிழலாகத் தெரியும். நோயின் அளவை ஐந்து படிகளாகப் பிரிக்கும் வேர்முனைக் குறியீடு 1986இல் வகுக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பின் எலும்பு மெல்லவே வளர்வதால், ஓராண்டு கழித்துப் படம் எடுத்து ஒப்பிடுவது வழக்கம். நிழல் முற்றிலும் மறையாதிருப்பின் நான்கு ஆண்டுகள் வரை கண்காணிக்கப்படும்.

நோய் மீண்டும் தோன்றினால் மறுசிகிச்சைக்கு ஊன்று தடையாகிறது. மீயொலிக் கருவியால் அதிர்வூட்டி அதனைக் கழற்றலாம். கழற்றினால் வேர் உடையும் என்று கருதப்படும்போது, ஈறைத் திறந்து வேர்முனையை வெட்டி, அப்பக்கத்திலிருந்து அடைக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படும்.

தமிழ்நாட்டில்

இச்சிகிச்சை பல் பாதுகாப்பும் வேர்க்குழாய் மருத்துவமும் என்னும் துறையின்கீழ் வருகிறது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கப்பட்டது. மேற்குப் புறநகரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் உள்ள சவீதா பல் மருத்துவக் கல்லூரி 1988இல் தொடங்கப்பட்டது. ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு நகருக்குள் செல்லாமலே அணுகக்கூடிய கல்லூரி மருத்துவமனையாக இது உள்ளது.

வேர்க்குழாய் சிகிச்சை அண்மையிலுள்ள மருத்துவமனையிலும், ஊன்றும் பல்லுறையும் வேறிடத்திலும் செய்யப்படுவதுண்டு. வலி நின்றதும் தற்காலிக அடைப்புடனேயே சிகிச்சையை நிறுத்திவிடுவோரும் உளர். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் நம்பத்தக்கதன்று. அது தேய்ந்தோ விழுந்தோ போயிருப்பின், ஊன்று வைக்கும் முன் வேர்க்குழாய் சிகிச்சையையே மீண்டும் செய்ய நேரிடலாம். வேர்க்குழாய் நிரப்பப்பட்ட பின் எடுத்த ஊடுகதிர்ப் படத்தை நோயாளி பாதுகாத்து வைத்திருந்தால், அடுத்து வரும் மருத்துவர் நிரப்பியின் நீளத்தை அறிந்து ஊன்றின் நீளத்தை முடிவு செய்ய அது உதவும்.

இவற்றையும் பார்க்க

பற்சொத்தை
பற்கூழ்
வேர்க்குழாய் சிகிச்சை
கட்டாபெர்ச்சா